ஊர் எல்லையில் ஓர் இருக்கை: பிற்கால இடைக்கால ஸ்காட்லாந்தில் தொழுநோயாளர்

1428-ஆம் ஆண்டில், முதலாம் ஜேம்ஸ் மன்னரின் ஆட்சியில், பெர்த் நகரில் கூடிய ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தொழுநோயாளர் குறித்துச் சில விதிகளை வகுத்தது. தொழுநோய் கண்ட ஆணோ பெண்ணோ திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று கிழமைகளில், காலை 10 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மட்டுமே நகரத்துக்குள் வரலாம். அந்தக் கிழமையில் சந்தை கூடுமானால், அன்று வராமல் மறுநாள் வந்து தம் பிழைப்பைத் தேடிக்கொள்ளலாம். தேவாலயத்திலோ அதன் வளாகத்திலோ நகரத்தின் உள்ளே வேறு எவ்விடத்திலோ அமர்ந்து பிச்சை கேட்கக் கூடாது. தங்களுடைய இல்லத்தின் முன்னும், நகர வாயிலிலும், ஊருக்குப் புறத்தேயுள்ள இடங்களிலும் அமர்ந்து கேட்கலாம். இவ்விதிகளுக்குக் கீழ்ப்படியாதவர், எந்த நகரத்தில் மீறினாரோ அந்த நகரத்தை விட்டு நிரந்தரமாக விலக்கப்படுவார்.

மேலோட்டமாகப் படித்தால் இது ஓர் ஒதுக்கல் சட்டம் என்றே தோன்றும். அப்படித்தான் இது பெரும்பாலும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் சந்தை நாளுக்கு ஈடாக மறுநாளை விட்டுக்கொடுக்கும் அந்தச் சிறு வாசகம் கவனிக்கத்தக்கது. ஒருவரை ஊரிலிருந்து துரத்துவதுதான் நோக்கமாக இருந்திருந்தால், அவர் இழந்த நாளுக்கு மாற்று நாள் குறிக்க வேண்டிய தேவை எழுந்திருக்காது. நகரத்தின் ஈகையில் பங்கு பெறுவது தொழுநோயாளரின் வழக்கமான பிழைப்பு என்பதைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அந்தப் பிழைப்புக்கு நேரத்தையும் இடத்தையும் வரையறுப்பதே அதன் வேலை. ஸ்காட்லாந்தின் நகரங்கள் தொழுநோயாளரை ஊருக்குள்ளும் வைத்துக்கொள்ளவில்லை, கண்காணாத இடத்துக்கும் விரட்டவில்லை. போவோரும் வருவோரும் கடந்தே தீரவேண்டிய ஊர் எல்லையில் இருத்தின. அந்த ஏற்பாடு எதன்மீது நின்றது, எப்போது, எதனால் கடுமையானது என்பதைக் கிளாஸ்கோ நகரின் தொழுநோயர் இல்லத்தை முதன்மையாகக் கொண்டு இந்த ஆய்வு பார்க்கிறது.

பழைய நகரச் சட்டங்கள்

1428-ஆம் ஆண்டுச் சட்டம் வெற்றிடத்தில் பிறந்ததன்று. 12-ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் டேவிட் மன்னரின் பெயரோடு இணைத்து வழங்கப்பட்ட நகரச் சட்டத் தொகுப்பிலேயே தொழுநோயாளருக்கென ஓர் இயல் இருக்கிறது. அரசரின் நகரத்தில் வாழ்பவரோ அங்கே பிறந்தவரோ தொழுநோய்க்கு ஆளானால், அவருக்கு உணவுக்கும் உடைக்கும் போதுமான சொந்தப் பொருள் இருக்குமாயின், அவரை நகரத்தின் நோயாளர் இல்லத்தில் சேர்க்க வேண்டும்; பொருள் இல்லாதவராயின், நகரத்தார் தங்களுக்குள் வசூல் செய்து, 20 ஷில்லிங் மதிப்புக்குத் திரட்டி அவருக்கு உணவும் உடையும் கிடைக்கச் செய்ய வேண்டும். நோயாளர் வீடு வீடாகச் சென்று கேட்கக் கூடாது. பெருவழியே ஊரைக் கடந்து போகலாம். ஊரின் கோடியில் அமர்ந்து போவோர் வருவோரிடம் கேட்கலாம். அவரை நகரத்துக்குள் தன் வீட்டில் தங்கவைப்பவருக்குத் தண்டம் உண்டு.

இந்த இயலின் வரிசைமுறையே பேசுகிறது. சட்டம் கேட்கும் முதல் கேள்வி, அவரிடம் சொந்தப் பொருள் இருக்கிறதா என்பதுதான். இடைக்காலத் தொழுநோயாளர் என்றாலே, பாதிரியார் அவரைச் சவக்குழி அருகே நிறுத்தி, தலையில் மண்ணைத் தூவி, உலகத்துக்கு இறந்தவராக அறிவித்துவிடுவார் என்ற சித்திரம் பல நூல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. பிரான்சு முதலிய நாடுகளின் சில வழிபாட்டு நூல்களில் காணப்படும் சடங்கை ஐரோப்பா முழுமைக்கும் நீட்டி எழுதியதன் விளைவு அது. ஸ்காட்டிய நகரச் சட்டம் பேசும் மனிதர் இறந்தவர் அல்லர். அவருக்கு உடைமை இருக்கலாம், உடைமை இல்லாவிட்டால் சக நகரத்தாரிடம் அவருக்கு ஒரு கோரிக்கை உண்டு. ‘அங்கே பிறந்தவர்’ என்ற சொற்களும் வீணாகச் சேர்க்கப்பட்டவை அல்ல. நகரத்தின் கடமை தன் மக்களுக்கு மட்டுமே.

அயலாருக்கு என்ன நேர்ந்தது என்பதை 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிக் நகர வணிகர் சங்கத்தின் விதிகள் காட்டுகின்றன. அந்நாளில் பெரிக், ஸ்காட்லாந்தின் மிகச் செழிப்பான துறைமுகம். அங்கே எந்தத் தொழுநோயாளரும் நகர வாயிலுக்குள் நுழையக் கூடாது. தற்செயலாக நுழைந்துவிட்டால் காவல் பணியாளர் உடனே வெளியேற்ற வேண்டும். தடையை மீறி ஒருவர் வழக்கமாக உள்ளே வருவாராயின், அவர் உடுத்த ஆடையைக் களைந்து எரித்துவிட்டு அவரை ஆடையின்றி வெளியே தள்ள வேண்டும். இதைப் படிக்கும்போது மனம் கூசுகிறது. ஆனால் அதே விதி, நகரத்துக்கு வெளியே தகுந்த இடத்தில் அவர்களுடைய வாழ்வுக்கான பொருள் திரட்டித் தரப்படும் என்ற காரணத்தையும் சொல்கிறது. தொடர்ந்து, இது உள்ளூரில் பிறந்தவர்களுக்கே பொருந்தும், அயலாருக்கு அன்று என்றும் வரையறுக்கிறது. ஊரவருக்குச் சோறும் எல்லையும் உண்டு, அயலாருக்கு எல்லை மட்டுமே உண்டு. அச்சத்தைக் காட்டிலும் கணக்கு வழக்கே இங்கே மேலோங்கி நிற்கிறது என்பது என் கருத்து.

இச்சட்டங்களோடு சேர்ந்து வழங்கிய இன்னொரு விதி, சந்தைக்குக் கெட்டுப்போன பன்றி இறைச்சியோ சால்மன் மீனோ விற்பனைக்கு வந்தால், நகர அதிகாரிகள் அதைப் பறிமுதல் செய்து, மறுபேச்சின்றித் தொழுநோயாளருக்கு அனுப்ப வேண்டும் என்றும், அவ்வூரில் தொழுநோயாளர் இல்லையெனில் அடியோடு அழித்துவிட வேண்டும் என்றும் கூறுகிறது. பறிமுதல் செய்த உணவை ஏழைகளின் விடுதிகளுக்கு அனுப்புவது இடைக்கால நகரங்களில் பரவலான நடைமுறைதான். ஆயினும் இங்கே அந்த இரண்டாம் பகுதி எந்த விளக்கத்துக்கும் இடம் தரவில்லை. மற்றவர் எவரும் உண்ணத் தகாது, அழிக்கத்தான் வேண்டும் என்று அதிகாரிகளே அறிந்த உணவு, இவர்களுக்கு மட்டும் போதுமானது என்று கருதப்பட்டது.

யார் தொழுநோயாளர்?

1428-ஆம் ஆண்டுச் சட்டம் நோயைத் தேடிக் கண்டறியும் பொறுப்பை மருத்துவரிடம் ஒப்படைக்கவில்லை. ஆயர்களும் அவர்களுடைய அலுவலர்களும் பங்குகளை, அதாவது ஒவ்வொரு தேவாலயத்துக்கும் உட்பட்ட ஊர்ப்பகுதிகளை, பார்வையிடச் செல்லும்போது, ஒவ்வொரு பங்குத் தேவாலயத்திலும் நோய் கண்டவர் எவரேனும் உண்டா என்று கவனமாக விசாரிக்க வேண்டும். கண்டறியப்பட்டவர் பொதுமக்களானால் அரசரிடமும், குருக்களானால் ஆயரிடமும் ஒப்படைக்கப்பட வேண்டும். அக்கம்பக்கத்தாரின் சந்தேகமே பெரும்பாலும் விசாரணையின் தொடக்கமாக இருந்திருக்கும். இதில் பகையும் பொறாமையும் புகுந்துகொள்ள வாய்ப்பு உண்டு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அன்றைய மக்கள் தோலில் தோன்றிய எந்தப் புண்ணையும் தொழுநோய் என்று அழைத்துவிட்டார்கள் என்று 19-ஆம் நூற்றாண்டிலிருந்து சொல்லப்பட்டுவந்த கருத்து இப்போது வலுவிழந்துவிட்டது. டென்மார்க்கின் நெஸ்த்வெத்திலும் இங்கிலாந்தின் வின்செஸ்டரிலும் தொழுநோயர் இல்லங்களின் இடுகாடுகளை அகழ்ந்தபோது, அங்கே கிடைத்த எலும்புகளில் பெரும்பான்மையானவை மூக்கெலும்பும் மேல்தாடையும் அரிக்கப்பட்டு, கை கால் விரலெலும்புகள் தேய்ந்து, தொழுநோயின் தெளிவான தடயங்களைக் காட்டின. ஸ்காட்லாந்திலும் ஆர்க்னி தீவுகளின் நியூவார்க் பே என்ற இடத்தில் கிடைத்த இடைக்கால எலும்புக்கூட்டில் நோய்க்கிருமியின் மரபணு எச்சமே கிடைத்திருக்கிறது. முற்றிய நோயை அடையாளம் காண்பதில் இடைக்காலத்தார் அவ்வளவு தவறிவிடவில்லை. தொடக்க நிலையில்தான் பிழைகள் நேர்ந்திருக்கும். கிருமி உடலில் புகுந்து நோய் வெளிப்படச் சராசரியாக 5 ஆண்டுகளும், சிலருக்கு 20 ஆண்டுகளும் ஆகும் என்பதால், யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்பதை அன்று எவரும் கண்டுபிடித்திருக்க முடியாது. பெரும்பாலானோருக்கு இயற்கையிலேயே இந்தக் கிருமிக்கு எதிர்ப்பாற்றல் உண்டு என்பதும் இங்கே நினைவுகொள்ளத்தக்கது. நோயாளருக்கு அருகே பல்லாண்டு வாழ்ந்தும் நோய் வராதவர்களைத்தான் அன்றைய மக்கள் மிகுதியாகப் பார்த்திருப்பார்கள்.

கொள்ளைநோய் வந்தபோது அவர்கள் நடந்துகொண்ட விதத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். 1530-ஆம் ஆண்டு எடின்பரோவில், மனைவிக்குக் கண்ட கொள்ளைநோயை மறைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தில் மக்களோடு மக்களாகத் திருப்பலியில் கலந்துகொண்ட டேவிட் டியூலி என்ற தையற்காரருக்கு, அவருடைய வீட்டு வாசலிலேயே தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. கயிறு அறுந்து அவர் பிழைத்தார். சிறு பிள்ளைகளை உடைய ஏழை என்று இரங்கி, ஊரை விட்டு விலக்கியதோடு விட்டுவிட்டார்கள். தொற்றும் நோய் என்றால் என்ன செய்வது என்று அந்நகரங்களுக்குத் தெரியும். தொழுநோயாளருக்கு வாரத்தில் 12 மணி நேரம் நகரத்துக்குள் வர அனுமதி கொடுத்தவர்கள் அதே மக்கள்தாம்.

கிளைட் ஆற்றின் தென்கரையில்

கிளாஸ்கோவின் தொழுநோயர் இல்லம், கிளைட் ஆற்றுப் பாலத்தின் தென் முனையில், கார்பல்ஸ் பகுதியில், புனித நினியன் பெயரில் இருந்தது. இதை 1350 வாக்கில், ஆல்பனி கோமகன் ராபர்ட்டின் மகளான லாக்கோ சீமாட்டி நிறுவினார் என்பது ஊர்ப் பழங்கதை. ஆல்பனி கோமகன் பிறந்ததே 1340-ஐ ஒட்டித்தான். பத்து வயதுச் சிறுவனின் மகள் அறக்கட்டளை வைத்தாள் என்று நம்ப வேண்டியிருக்கும். ஆண்டோ ஆளோ, இரண்டில் ஒன்று தவறு. அந்தச் சீமாட்டி வாழ்ந்தது 15-ஆம் நூற்றாண்டில் என்பதால், ஆண்டைத் தள்ளிப்போடுவதே பொருத்தமாகத் தெரிகிறது.

இல்லம் அமைந்த இடம் தற்செயலானதன்று. தெற்கேயிருந்து கிளாஸ்கோவுக்கு வருவோர் அந்தப் பாலத்தைக் கடந்தாக வேண்டும். ஆறு நகரத்துக்கும் நோயாளருக்கும் இடையே எல்லை வகுத்தது. பாலமோ ஒவ்வொரு வணிகரையும் யாத்திரிகரையும் அவர்களுடைய வாசலுக்கே கொண்டுவந்து சேர்த்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரின் புனித நிக்கோலஸ் இல்லமும் ஊருக்குப் புறத்தேதான் இருந்தது. அபர்டீனில், பழைய அபர்டீனுக்கும் புதிய அபர்டீனுக்கும் இடைப்பட்ட வழியில், இரண்டு ஊர்களின் நடமாட்டமும் பயன்படும்படி இல்லம் அமைந்திருந்தது. பிச்சையையே பெரிதும் நம்பி வாழும் ஒரு சமூகத்துக்கு, ஒதுங்கிய காட்டுப் பகுதி மரண தண்டனைக்குச் சமம், பெருவழியோரமே வாழ்வு.

1494-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ பேராலயத்தின் குருக்களில் ஒருவரான வில்லியம் ஸ்டூவர்ட், இந்த இல்லத்தை ஒட்டிய சிற்றாலயத்துக்கு அறக்கட்டளை ஏற்படுத்தினார். ஆண்டுதோறும் தம் நினைவு நாளில் 24 ஏழை மாணவர்கள் அங்கே கூடித் திருப்பாடல்கள் ஓத வேண்டும் என்றும், இல்லத்தில் வாழும் தொழுநோயாளர் ஒவ்வொரு மாலையும் ஆலய மணியை அடித்து, நிறுவியவருக்காகவும் கொடையாளர்களுக்காகவும் மன்றாட வேண்டும் என்றும் அவர் நிபந்தனை விதித்தார். இந்த ஆய்வில் கையாளும் சான்றுகளுள் மிக முக்கியமானதாக இதையே கருதுகிறேன். இறந்தபின் ஆன்மா தூய்மை பெறும் காலத்தைக் குறைக்க வேண்டுமென்றால், உயிரோடிருப்போரின் மன்றாட்டு தேவை; துன்புறும் ஏழையின் மன்றாட்டுக்கு இறைவனிடம் தனி மதிப்பு உண்டு. நற்செய்தியில் செல்வனின் வாசலில் புண்களோடு கிடந்த லாசர் ஆபிரகாமின் மடியில் சேர்ந்தான் அல்லவா? அந்த நம்பிக்கையில், ஆற்றின் அக்கரையில் நாள்தோறும் மாலையில் ஒலித்த அந்த மணி, தொழுநோயாளர் நகரத்துக்குத் திருப்பிச் செலுத்திய கூலி. கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர் என்ற ஒருவழி ஈகையாக அதைப் பார்த்தால் அக்காலம் விளங்காது. நகரம் அவர்களுக்குச் சோறிட்டது. அவர்கள் நகரத்தாரின் ஆன்மாவுக்கு வேலை செய்தார்கள். அவர்களைக் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு அனுப்பிவிட நகரத்துக்கே மனம் வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

திருச்சபைச் சட்டமும் இதே போக்கில்தான் இருந்தது. 1179-ஆம் ஆண்டில் கூடிய திருச்சபைப் பேரவையான மூன்றாம் லாத்தரன் சங்கம், நலமுடையோரோடு சேர்ந்து வாழ இயலாத தொழுநோயாளர் கூடி வாழுமிடங்களில், அவர்களுக்கெனத் தனி ஆலயமும் தனி இடுகாடும் தனிக் குருவும் இருக்கலாம் என்று அனுமதித்தது. அவர்களுடைய தோட்ட விளைச்சலுக்கும் கால்நடைகளுக்கும் பத்தில் ஒரு பங்கு வரி கேட்கக் கூடாது என்றும் ஆணையிட்டது. அதே காலத்துத் திருத்தந்தை மூன்றாம் அலெக்சாண்டர், தொழுநோய் திருமண பந்தத்தை முறிக்காது என்றும், நோயுற்ற துணையைப் பின்தொடர்ந்து சென்று அன்போடு பேணுமாறு கணவன் மனைவியரை ஊக்குவிக்க வேண்டும் என்றும் எழுதினார். ஏட்டில் இருந்த இந்த நெறி நடைமுறையிலும் இருந்தது என்பதற்கு ஒரு சான்றைப் பின்னர் காண்போம்.

மன்னர் நோயுற்றால்

ஸ்காட்லாந்தில் தொழுநோய் என்றதும் முதலில் பேசப்படும் பெயர் ராபர்ட் புரூஸ். 1329 ஜூன் 7 அன்று கார்ட்ராஸில் இறந்த இம்மன்னர் தொழுநோயால் இறந்தார் என்று இங்கிலாந்து வரலாற்றுக் குறிப்பாளர்கள் எழுதினர். போர்க்காலத்தில் குளிரிலும் ஈரத்திலும் படுத்துறங்கியதால் வந்த நோய் என்று ஸ்காட்டியக் கவிஞர் ஜான் பார்பர் எழுதினார். எதிரிநாட்டார் எழுதியதில் இழிவுபடுத்தும் நோக்கம் இருந்திருக்கலாம், தம் நாட்டார் எழுதியதில் மறைக்கும் நோக்கம் இருந்திருக்கலாம். 1819-இல் கல்லறையைத் திறந்தபோது எடுத்த மண்டையோட்டு வார்ப்பை வைத்து இருதரப்பாரும் இன்றும் வாதிடுகின்றனர்.

நோய் எது என்பதைவிட, மன்னர் எப்படி நடத்தப்பட்டார் என்பதே நம் ஆய்வுக்குத் தேவையானது. 1328 மார்ச் 17 அன்று இங்கிலாந்தோடு செய்துகொண்ட அமைதி உடன்படிக்கை, எடின்பரோவின் ஹோலிரூட் மடத்து வளாகத்தில், நோயுற்ற மன்னர் படுத்திருந்த அறையிலேயே, ஆயர்களும் பிரபுக்களும் இங்கிலாந்துத் தூதர்களும் கூடியிருக்க முடிவானது. இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் அவர் விட்ஹார்னில் உள்ள புனித நினியன் திருத்தலத்துக்கு யாத்திரை சென்றார். அவரை எவரும் ஊர்க்கோடியில் உட்காரவைக்கவில்லை. அது தொழுநோயாக இருந்திருக்க முடியாது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அந்த வாதம் எனக்கு முழுதும் ஏற்புடையதாக இல்லை. எருசலேம் மன்னர் நான்காம் பால்ட்வின் முற்றிய தொழுநோயோடு 1185 வரை ஆட்சி செய்ததை அறிந்தவர்களுக்கு, அரியணைக்கு நகரச் சட்டம் பொருந்தாது என்பதும் தெரியும். பிரெஸ்ட்விக் அருகே கிங்கேஸ் என்ற இடத்திலுள்ள தொழுநோயர் இல்லத்துக்குப் புரூஸ் கொடையளித்தார் என்றும், அங்குள்ள ஊற்றுநீரால் நலம் பெற்றார் என்றும் மரபு சொல்கிறது. ஊற்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

கிரெசெய்டின் கிண்ணமும் தட்டுப்பலகையும்

சட்டங்கள் சொல்லாத ஒன்றை, 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டன்ஃபெர்ம்லின் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்று அறியப்படும் ராபர்ட் ஹென்றிசன் எழுதிய ‘கிரெசெய்டின் இறுதி விருப்பம்’ என்ற கவிதை தருகிறது. கதைக்களம் டிராய் நகரம். காட்சிகளோ அப்பட்டமான ஸ்காட்லாந்து. காதலனுக்குத் துரோகம் செய்த கிரெசெய்ட், தெய்வங்களைப் பழித்ததற்குத் தண்டனையாகத் தொழுநோயைப் பெறுகிறாள். இரத்தம் கலந்த கண்கள், கரகரத்த குரல், முகத்தில் கருத்த புள்ளிகளும் கட்டிகளும் என அவர் தரும் வர்ணனை நோயை நேரில் கண்டவருடையது என்று, குளோரோஃபார்ம் மயக்க மருந்தால் புகழ்பெற்ற எடின்பரோ மருத்துவர் ஜேம்ஸ் சிம்ப்சன் உட்படப் பலர் கருதியிருக்கின்றனர். ஸ்காட்லாந்துத் தொழுநோயர் இல்லங்கள் பற்றி 1840-களில் விரிவாக எழுதியவரும் அதே சிம்ப்சன்தான்.

தந்தை அவளை யாரும் அறியாதபடி முகம் மறைத்து, பின்வாசல் வழியாக, அரை மைல் தொலைவிலுள்ள சிற்றூரின் தொழுநோயர் இல்லத்துக்கு அழைத்துச் செல்கிறார். அவரே நாள்தோறும் உணவில் ஒரு பகுதியை அனுப்பிவைக்கிறார். அவளிடம் இருப்பவை ஒரு கிண்ணமும், ஒன்றோடொன்று மோதி ஒலிக்கும் தட்டுப்பலகையும்தான். முதல் இரவு முழுதும் அவள் தன் பழைய தோட்டத்தையும் விருந்துகளையும் எண்ணிப் புலம்பும்போது, அங்கிருக்கும் இன்னொரு நோயாளப் பெண் எழுந்து வந்து, அழுது பயனில்லை, தட்டுப்பலகையை ஆட்டக் கற்றுக்கொள், தொழுநோயாளர் முறைப்படி வாழப் பழகு என்று சொல்கிறாள். இல்லத்துக்குள் ஒரு முறையும் ஒழுங்கும் இருந்தன, புதிதாக வந்தவருக்கு அதை மூத்தவர் கற்றுக்கொடுத்தனர் என்பது இதிலிருந்து தெரிகிறது. பின்னொரு நாள், அவள் துரோகம் செய்த காதலன் டிராய்லஸ் அவ்வழியே குதிரையில் வருகிறான். அவன் அவளை அடையாளம் காணவில்லை. அவளுக்கும் பார்வை மங்கியிருக்கிறது. ஆயினும் ஏதோ ஒரு நினைவு கிளர, பொற்காசுப் பையையும் மணிகளையும் அவள் மடியில் எறிந்துவிட்டுப் போகிறான். அவன் யார் என்று பிறகுதான் அவள் அறிகிறாள்.

நோய் பாவத்தின் சம்பளம் என்ற எண்ணம் இக்கவிதையின் அடித்தளம்; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே கவிதையில் தந்தை மகளைக் கைவிடவில்லை, உடனிருப்போர் அவளை வெறுக்கவில்லை, கவிஞரும் அவளை இகழ்ந்து முடிக்கவில்லை. பழியும் இரக்கமும் ஒன்றையொன்று தள்ளிவிடாமல் ஒரே மனத்தில் குடியிருந்தன.

ஊர்க்கோடிக்கு வந்த புதியவர்கள்

1497-இல் வேறொரு நோய் வந்தது. கிராண்ட்கோர் என்று ஸ்காட்டியர் அழைத்த மேகநோய் (சிபிலிஸ்) அது. அவ்வாண்டு ஏப்ரலில் அபர்டீன் நகர மன்றமும், செப்டம்பரில் எடின்பரோவும் உத்தரவுகள் பிறப்பித்தன. எடின்பரோவில் நோய் கண்டவர்களும், அதைக் குணப்படுத்துவதாகச் சொல்லித் திரிந்தவர்களும் லீத் துறைமுகக் கரையில் கூடி, படகேறி இன்ச்கீத் தீவுக்குப் போய்விட வேண்டும். மறுப்பவர் கன்னத்தில் காய்ச்சிய இரும்பால் சூடு போடப்படும். தொழுநோயாளருக்கு நூற்றாண்டுகளாக அமைந்திருந்த பேரத்தில் ஒன்றும் இவர்களுக்கு இல்லை. ஆனால் 1498 பிப்ரவரியில் அரசரின் கணக்கேட்டில், கிளாஸ்கோவின் ஊர்க்கோடியில் இருந்த கிராண்ட்கோர் நோயாளருக்குக் காசு கொடுத்த செலவு எழுதப்பட்டிருக்கிறது. தீவுக்குத் துரத்தும் உத்தரவு ஒருபுறமிருக்க, நோயாளர் போய் உட்கார்ந்ததும், மன்னர் காசு போட்டதும் பழைய இடத்தில்தான்.

பெரிய மாற்றம் 1560-இல், ஸ்காட்லாந்து கத்தோலிக்கத்தை விட்டுச் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபையை ஏற்றபோது வந்தது. இறந்தோருக்கான மன்றாட்டு மூடநம்பிக்கையாகத் தள்ளப்பட்டது. வில்லியம் ஸ்டூவர்ட்டின் ஆன்மாவுக்காக மாலை மணி அடிக்க இனி எவரும் தேவையில்லை. சட்டம் வகுத்த தூரம் அப்படியே இருந்தது. அந்தத் தூரத்துக்கு அப்பாலிருந்து நோயாளர் நகரத்துக்குக் கொடுத்துவந்தது மட்டும் மதிப்பிழந்தது. அதன்பின் அவர்கள் செலவுக் கணக்கின் ஒரு வரியாகவும், கண்காணிக்க வேண்டிய கூட்டமாகவும் ஆனார்கள்.

1589-இல் கார்பல்ஸ் இல்லத்தில் ஆறு பேர் இருந்தனர். ஒருவர் வணிகர், ஒருவர் செருப்புத் தொழிலாளி, இருவர் தையற்காரர், ஒருவர் தகர வேலை செய்பவர், ஒருவர் இன்னாருடைய மகன் என்று மட்டும் குறிக்கப்பட்டவர். நாடோடிப் பிச்சைக்காரர்கள் அல்லர். ஊரில் தொழில் செய்து, வாடிக்கையாளரோடு பேசிப் பழகியவர்கள். அவர்களைப் போன்றவர்களுக்காகவே 1610-இல் கிளாஸ்கோ நகர மன்றம் ஒரு விதி செய்தது. இல்லத்துத் தொழுநோயாளர் தெருவின் ஓரத்தில், சாக்கடையை ஒட்டி மட்டுமே நடக்க வேண்டும். தட்டுப்பலகை வைத்திருக்க வேண்டும். வாயையும் முகத்தையும் துணியால் மூடியிருக்க வேண்டும். பிச்சையோ பதிலோ கிடைக்கும்வரை எட்டியே நிற்க வேண்டும். தவறினால் நகரத்தை விட்டு மட்டுமின்றி, இல்லத்தை விட்டும் வெளியேற்றம். 1428-இல் நேரமும் இடமும் வரையறுக்கப்பட்டன. 1610-இல் காலடியும் முகமும் வரையறுக்கப்படுகின்றன.

எடின்பரோ இன்னும் ஒருபடி மேலே போயிற்று. கால்டன் குன்றின் அடியில், கிரீன்சைடு என்ற இடத்தில், பழைய கார்மேல் துறவியர் மடம் இருந்த நிலத்தில், ஜான் ராபர்ட்சன் என்ற வணிகர் தமக்குக் கிட்டிய இறையருளுக்கு நன்றியாக ஓர் இல்லம் நிறுவினார். 1591-இல் ஐந்து நோயாளர் அதில் சேர்க்கப்பட்டனர். அவர்களில் இருவருடைய மனைவியர், நோய் இல்லாதவர்களாக இருந்தும், தாமே முன்வந்து கணவரோடு உள்ளே சென்றனர். வாரத்துக்கு 4 ஸ்காட்டிய ஷில்லிங் படியும், ஒருவர் வாசலில் அமர்ந்து தட்டுப்பலகை ஆட்டிப் பிச்சை கேட்கும் உரிமையும் தரப்பட்டன. சூரியன் மறைந்தபின் விடியும்வரை கதவைத் திறக்கக் கூடாது, உள்ளிருப்போர் வெளியே திரியக் கூடாது, மீறினால் தூக்கு. அது வெறும் பேச்சன்று என்பதைக் காட்ட, இல்லத்தின் பக்கச் சுவரையொட்டித் தூக்குமரமே நாட்டப்பட்டது.

இடைக்காலக் கொடுமைக்கு உதாரணமாக இந்தத் தூக்குமரம் பல இடங்களில் காட்டப்படுகிறது. அது நின்றது ஜேம்ஸ் ஆறாம் மன்னரின் காலத்தில், அச்சகமும் பல்கலைக்கழகமும் இருந்த நகரத்தில். இடைக்காலச் சட்டங்கள் விதித்த உச்சத் தண்டனை ஊர்விலக்கு மட்டுமே. கடுமையின் வரைபடம் காலப்போக்கில் கீழிறங்கி வரும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இந்த வழக்கு இடம் கொடுப்பதில்லை. அன்றைய மதச் சீர்திருத்தத்தை மட்டும் இதற்குப் பொறுப்பாக்குவதும் சரியாகாது. அதே பத்தாண்டுகளில் வேலையற்றோர், நாடோடிகள், பிச்சைக்காரர் எல்லோர்மீதும் சட்டங்கள் இறுகின, தொழுநோயாளரும் அந்த வலைக்குள் சிக்கினர்.

அபர்டீனில் நிலைமை சற்று மென்மையாகத் தெரிகிறது. 1591-இல் மன்னர், அந்நகரச் சந்தைக்கு வரும் ஒவ்வொரு சுமை கரிமண் எரிபொருளிலிருந்தும் ஒரு கட்டியைத் தொழுநோயர் இல்லத்துக்குத் தரும்படி ஆணையிட்டார். 1604-இல், ஹெலன் ஸ்மித் என்ற ஏழைப் பெண்ணுக்கு நோய் கண்டிருப்பதால் அவரை இரண்டு ஊர்களுக்கும் இடையிலுள்ள இல்லத்தில் சேர்க்க வேண்டும் என்று திருச்சபை மன்றம் முடிவு செய்தது. இல்லத்தின் சாவியை அவரிடமே ஒப்படைக்கச் சொன்னது. கிரீன்சைடில் கதவைத் திறப்பது உயிருக்கு உலையாக இருந்த காலத்தில், அபர்டீனில் சாவி நோயாளியின் கையில் இருந்தது. இல்லத்தில் வேறு எவரும் இல்லாததால்தான் அப்படிச் செய்தார்கள் என்றே தோன்றுகிறது. நோய் அதற்குள் பெருநிலப் பகுதியில் அருகிவிட்டது.

அது ஏன் அருகியது என்பதில் ஒருமித்த விடை இல்லை. ஒதுக்கிவைத்ததால்தான் குறைந்தது என்று 19-ஆம் நூற்றாண்டு மருத்துவர் பலர் நம்பினர். வாரத்தில் மூன்று நாள் நகரத்துக்குள் வந்துபோன, மனைவியோடு வாழ்ந்த, நோய் வெளிப்படும் முன்பே பல்லாண்டு ஊரில் பழகிய மக்களை வைத்துப் பார்த்தால், அந்த ஒதுக்கல் கிருமிப் பரவலைத் தடுக்கும் அளவுக்கு முழுமையானதாக இருந்ததில்லை. காசநோய் பெருகியபோது அது தந்த குறுக்கு எதிர்ப்பாற்றலும், நோயாளர் காசநோயால் விரைந்து மாண்டதும் காரணமாக இருக்கலாம் என்பது இன்று பரவலாகப் பேசப்படும் ஒரு கருத்து. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, தென் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவுச் செவ்வணில்களில் இடைக்கால ஐரோப்பியத் தொழுநோய்க் கிருமிக்கு நெருங்கிய வகை இன்றும் வாழ்வதைக் காட்டியது. ஸ்காட்லாந்துச் செவ்வணில்களிலும் அக்கிருமியின் இனத்தைச் சேர்ந்த மற்றொன்று கண்டறியப்பட்டது.

ஷெட்லாண்ட் தீவுகளில் மட்டும் இந்நோய் என்று சொல்லப்பட்டது 18-ஆம் நூற்றாண்டிலும் நீடித்தது. பாப்பா ஸ்டூர் தீவில் நோயாளர் குடியிருப்பிலிருந்து விலகிய சிறு குடிசைகளில் வைக்கப்பட்டு, பங்கு மக்களின் செலவில் பராமரிக்கப்பட்டனர். 1742-இல் வால்ஸ் பங்கில், நோய் ஒழிந்ததாக நம்பி ஒரு நாள் முழுதும் நன்றி வழிபாடு நடத்தினர். அங்கே கண்டது தொழுநோய்தானா, வறுமையாலும் ஊட்டக் குறைவாலும் வந்த வேறு தோல்நோயா என்ற ஐயத்தைப் பிற்கால மருத்துவர்கள் எழுப்பியிருக்கின்றனர். பெருநிலப் பகுதியின் இடைக்கால நகரத்தாரைவிட, முற்றிய தொழுநோயை நேரில் பார்த்துப் பழக்கமில்லாத இந்தப் பிற்காலத்தவரே தவறாகக் கண்டறிந்திருக்கக் கூடியவர்கள்.